வீட்டு நாஸ் கருவி தானாக மறுதொடக்கம் ஆதல்

வீட்டு வலையமைப்பில் இணைக்கப்பட்டு, குடும்பத்தினர் அனைவரும் தத்தம் கைப்பேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சேமிப்பகக் கருவி நாஸ் எனப்படுகிறது. நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம் இது. தமிழில் வலையமைப்புச் சேமிப்பகம் எனலாம். சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்கள் இவற்றை ஆயத்தக் கருவிகளாக விற்கின்றன. பழைய கணினியில் ட்ரூநாஸ் அல்லது ஓப்பன்மீடியாவால்ட் மென்பொருளை நிறுவித் தாமே அமைத்துக்கொள்வோரும் உண்டு. பார்வைக்குச் சிறு பெட்டியாக இருந்தாலும், செயலி, ரேம் நினைவகம், இயங்குதளம், ஒன்றோ பலவோ வன்வட்டுகள் ஆகியவற்றைக் கொண்ட முழுமையான கணினி இது.

இரவும் பகலும் ஓடுவதற்காகவே செய்யப்பட்ட இக்கருவி, யாரும் கட்டளையிடாத நேரத்தில் அணைந்து மீண்டும் தொடங்குவது எதிர்பாராத மறுதொடக்கம் ஆகும். எப்போதோ ஒருமுறை நடந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். வாரம் இருமுறை, பின்பு நாள்தோறும் என்று நெருங்கி வந்தால் விடக்கூடாது. காய்ச்சல் தனி நோயன்று, நோயின் அறிகுறி என்பது போலவே மறுதொடக்கமும் ஓர் அறிகுறிதான். அடாப்டர், யு.பி.எஸ்., நினைவகம், வன்வட்டு, மென்பொருள், தாய்ப்பலகை ஆகிய எதிலிருந்தும் அது வரலாம். ஆகவே எந்தப் பாகத்தை மாற்றுவது என்று தொடங்காமல், கருவி எவ்வாறு அணைந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே பயன் தரும்.

தரவைக் காத்தல்

காரணத்தைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஈடு செய்ய முடியாத கோப்புகளை வெளிப்புற வன்வட்டு ஒன்றுக்கு நகலெடுத்துவிட வேண்டும். திருமணக் காணொளி, மறைந்த பெரியவர்களின் குரல்பதிவு, பத்திர நகல், பிள்ளைகளின் சிறுவயதுப் படங்கள் முதலியன முதலில். இணையத்தில் மீண்டும் பெறக்கூடிய திரைப்படங்களும் பாடல்களும் கடைசியில். அடுத்த மறுதொடக்கத்திற்குப் பின் கருவி எழுந்து வரும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

கைப்பேசியிலிருந்து படங்களைத் தானே ஏற்றும் செயலிகளில், ஏற்றியபின் கைப்பேசியில் உள்ள படியை நீக்கி இடத்தை விடுவிக்கும் வசதி இருக்கும். பழுது கண்டறியப்படும் வரை அதைப் பயன்படுத்தக்கூடாது. நீக்கிவிட்டால் நாஸ் கருவியில் உள்ளதே ஒரே படியாகிவிடும். அதுவும் நிலையில்லாத கருவியில்.

இரண்டு அல்லது நான்கு வட்டுகளை ரெய்டு முறையில் கட்டியிருப்பதால் தரவுக்கு ஆபத்தில்லை என்று பலர் நம்புகின்றனர். ஒரு வட்டு பழுதானால் மற்றவற்றைக் கொண்டு பணி தொடர்வதற்கான ஏற்பாடே ரெய்டு. அது காப்புப் பிரதி ஆகாது. சொல்லப்போனால், திடீர் மின்னிழப்பு ரெய்டு 5 அமைப்பில் தனியொரு சிக்கலை உண்டாக்குகிறது. அதில் ஒவ்வொரு பகுதித் தரவுக்கும் பாரிட்டி எனப்படும் சரிபார்ப்புத் தரவு மற்றொரு வட்டில் எழுதப்படுகிறது. கணக்கு நோட்டில் வரவை எழுதிவிட்டுக் கூட்டுத்தொகையைத் திருத்துவதற்குள் விளக்கு அணைந்தால் எப்படியோ, அப்படித் தரவு எழுதப்பட்டுப் பாரிட்டி எழுதப்படாமல் போகலாம். அப்போது எதுவும் தெரியாது. பின்னொரு நாள் ஒரு வட்டு பழுதாகி, அதன் உள்ளடக்கத்தைப் பாரிட்டியிலிருந்து கணக்கிட்டு மீட்கும்போதுதான் பிழை வெளிப்படும். இதற்கு எழுத்து ஓட்டை என்று பெயர். இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமை பழையதன் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பிறகு சுட்டியை மாற்றுவதால், அதன் ரெய்டு வகைகளில் இவ்வோட்டை இல்லை.

ரெய்டு இல்லாத ஒற்றை வட்டிலும் இழப்பு நேரலாம். நகலெடுக்கும் கோப்பு முதலில் ரேம் நினைவகத்தில் தங்கிச் சற்றுப் பின்னரே வட்டுக்குச் செல்கிறது. கணினித் திரையில் நகலெடுப்பு முடிந்தது என்று வந்த மறுகணமே கருவி அணைந்தால், அந்தக் கோப்பின் இறுதிப் பகுதி வட்டை எட்டியிருக்காது.

அணையும் விதங்கள்

எல்லா மறுதொடக்கங்களையும் மூன்று வகைக்குள் அடக்கலாம்.

முதல் வகையில் இயங்குதளமே முறைப்படி நிறுத்திவிட்டுத் தொடங்குகிறது. சேவைகள் ஒவ்வொன்றாக மூடப்படும், கோப்பு முறைமை விடுவிக்கப்படும், அதன்பின் மறுதொடக்கம். தானியங்கிப் புதுப்பிப்பு, நேர அட்டவணை, யு.பி.எஸ். அனுப்பிய குறிப்பு ஆகியவை இதற்குக் காரணங்கள். இரண்டாம் வகையில் மின்சாரம் பறிக்கப்படுகிறது. கருவிக்கு முன்னறிவிப்பே கிடைப்பதில்லை. மூன்றாம் வகையில் மின்சாரம் இருக்கிறது, ஆனால் இயங்குதளம் மயங்கி விழுகிறது. லினக்ஸ் கெர்னல் மீளமுடியாத பிழையைச் சந்தித்தால் பேனிக் என்னும் நிலைக்குச் செல்லும். நாஸ் கருவிகளில் அந்நிலைக்குப் பின் சில நொடிகளில் தானே மறுதொடக்கம் ஆகும்படி அமைத்திருப்பது வழக்கம். வாட்ச்டாக் என்னும் காவல் கடிகையும் உண்டு. இயங்குதளம் அதற்குக் குறித்த இடைவெளியில் தான் விழித்திருப்பதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் கடிகை கருவியை மீட்டமைத்துவிடும்.

இம்மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் தேடும் பரப்பு பெருமளவு சுருங்கிவிடும். முறைப்படி நின்றதென்றால் அடாப்டர் வாங்க வேண்டியதில்லை. மின்சாரம் பறிக்கப்பட்டதென்றால் மென்பொருளை அழித்து நிறுவிப் பயனில்லை.

பதிவேட்டைப் படித்தல்

கருவியின் மேலாண்மைப் பக்கத்தில் பதிவேடு இருக்கும். சினாலஜியில் இது பதிவு மையம் என்னும் தனிச் செயலி. மறுதொடக்க நேரத்தை ஒட்டிய வரிகளை, கீழிருந்து மேலாகப் பொறுமையாகப் படிக்க வேண்டும். முறைப்படி நின்றிருந்தால் அதற்கான வரியும், பெரும்பாலும் யார் கட்டளையிட்டார் என்பதும் பதிவாகியிருக்கும். அவ்வாறன்றி, கருவி முறையற்ற நிறுத்தத்திற்குப் பின் தொடங்கியது என்ற பொருளில் ஒரு வரி மட்டும் இருந்தால், அது இரண்டாம் வகை அல்லது மூன்றாம் வகை. அந்த வரி காரணத்தைச் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுந்தபின் கருவி தன் முந்தைய நிலையைப் பார்த்து எழுதிய வரி அது.

மின்சாரம் பறிக்கப்பட்ட நேரத்தில் பதிவேட்டில் எந்தப் பிழையும் இருக்காது. பத்து மணி இரண்டு நிமிடத்திற்கு வழக்கமான ஒரு வரி, பத்து மணி ஐந்து நிமிடத்திற்குத் தொடக்க வரி, இடையே வெறுமை. பிழையே இல்லையே என்று இதைக் கண்டு சோர்வடைய வேண்டியதில்லை. எழுதுவதற்கே நேரம் கிடைக்கவில்லை என்பதைத்தான் அந்த வெறுமை காட்டுகிறது. கெர்னல் மயங்கும்போது மட்டும் சிற்சில நேரங்களில் நினைவகப் பிழை, வட்டு மறுமொழி தரவில்லை என்பன போன்ற வரிகள் கடைசியில் தங்கியிருக்கும். அவையும் வட்டில் எழுதப்படாமல் போகக்கூடும் என்பதால், பதிவுகளை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பும் சிஸ்லாக் வசதியை இயக்கிவைப்பது நல்லது.

நேரம் தவறாகக் காட்டும் பதிவேடும் உண்டு. தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வந்தவுடன் கடிகாரம் 1970 போன்ற பழைய ஆண்டுக்குச் சென்றுவிடும். இணையத்திலிருந்து நேரம் பெறும்வரை வரிகள் அந்தத் தேதியிலேயே பதிவாகும். இத்தகைய வரிகளைக் கண்டால் மின்கலத்தை மாற்ற வேண்டும். அதுவே மறுதொடக்கத்திற்குக் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது.

பதிவேட்டில் தெளிவு கிடைக்காதபோது எளிய சோதனை ஒன்று உதவும். மின்தடைக்குப் பின் தானாகத் தொடங்குக என்று கருவியின் அமைப்புகளில் ஒரு தெரிவு இருக்கும். அதைத் தற்காலிகமாக நீக்கிவிட வேண்டும். அடுத்தமுறை கருவி அணைந்து அணைந்தபடியே கிடந்தால், மின்சாரம் நின்றது உறுதி. மீண்டும் எழுந்து வந்தால், கெர்னலோ காவல் கடிகையோ மீட்டமைத்திருக்க வாய்ப்பு அதிகம். மின்னழுத்தம் முற்றிலும் நிற்காமல் ஒரு கணம் தாழ்ந்து எழும்போது மட்டும் இச்சோதனை ஏமாற்றலாம்.

வன்வட்டு வைத்திருக்கும் கணக்கு

பலரும் பார்க்கத் தவறும் சாட்சி வன்வட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்மார்ட் எனப்படும் தன்னிலை அறிக்கையில், வரிசை எண் 12 என்பது வட்டு எத்தனை முறை மின்சாரம் பெற்றுத் தொடங்கியது என்ற எண்ணிக்கை. எண் 192, பெரும்பாலான வன்வட்டுகளில், முறையான நிறுத்தக் கட்டளை வராமலே மின்சாரம் போனதால் படிக்கும் முனையை அவசரமாக ஒதுக்கிய எண்ணிக்கை. நாஸ் மேலாண்மைப் பக்கத்தின் சேமிப்பகப் பகுதியிலோ, லினக்ஸின் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையாலோ இவற்றைப் பார்க்கலாம்.

இவ்விரண்டு எண்களையும் முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மேலாண்மைப் பக்கத்திலிருந்து தாமே ஒருமுறை மறுதொடக்கம் செய்து, எண்கள் கூடினவா என்று பார்க்க வேண்டும். கருவிக்குக் கருவி இது வேறுபடும் என்பதால் இந்த ஒப்பீடு தேவை. அதன்பின் எதிர்பாராத மறுதொடக்கம் நிகழும்போது மீண்டும் பார்க்க வேண்டும். தாமே செய்தபோது கூடாத 12, 192 ஆகிய இரண்டும் இப்போது ஒவ்வொன்று கூடியிருந்தால், வட்டுகளின் மின்சாரம் உண்மையிலேயே அறுந்திருக்கிறது. இரண்டும் மாறாமல் இருந்தால் மின்வழங்கலை விட்டு நினைவகம், மென்பொருள் பக்கம் திரும்பலாம். பள்ளி ஆய்வகத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று சொல்லிக்கொடுப்பதும் இதுவே. பணச் செலவு எதுவுமில்லை.

மின்வழங்கல்

சில ஆண்டுகள் ஓடிய வீட்டுக் கருவிகளில் முதலில் ஐயுற வேண்டியது அடாப்டர். இரண்டு வட்டுக் கருவிகளுக்குப் பொதுவாக 12 வோல்ட், 5 ஆம்பியர் அளவுள்ள, அதாவது 60 வாட் அடாப்டர் வருகிறது. 3.5 அங்குல வன்வட்டு ஒன்று ஓடும்போது 5 முதல் 8 வாட் வரையே எடுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் பாதையில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நின்ற வண்டியை நகர்த்தத் தொடங்கும்போது மாடுகள் கூடுதல் வலுவுடன் இழுப்பது போன்றது இது. இரண்டு வட்டும் ஒன்றாகத் தொடங்கினால் 4 ஆம்பியர் அவற்றுக்கே போய்விடும். இதைத் தவிர்க்கத்தான் பல கருவிகள் வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடக்குகின்றன.

அடாப்டருக்குள் இருக்கும் மின்பகு மின்தேக்கிகள் காலப்போக்கில் வறண்டு கொள்ளளவை இழக்கின்றன. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலில் வழங்கும் கணக்கு. ஆண்டு முழுதும் தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால், காற்றோட்டமின்றி, தூசி மூடிக் கிடக்கும் அடாப்டரின் கதி எளிதில் விளங்கும். நலிந்த அடாப்டர் சாதாரண நேரத்தில் ஓட்டிவிடும். வட்டுகள் உறக்கத்திலிருந்து விழிக்கும்போதோ, படங்களை அட்டவணைப்படுத்தும் வேலையில் செயலியும் வட்டும் ஒருங்கே உழைக்கும்போதோ மின்னழுத்தம் சரிந்து கருவி அணையும். வட்டு உறக்கத்தை அமைப்புகளில் நீக்கியபின் மறுதொடக்கம் குறைந்தால், அடாப்டர் மீதான ஐயம் வலுப்படும்.

இங்கே ஒரு கெட்ட சுழற்சியும் உருவாகிறது. முறையற்ற நிறுத்தத்திற்குப் பின் ரெய்டு அமைப்பு எல்லா வட்டுகளையும் ஒத்திசைத்துச் சரிபார்க்கத் தொடங்கும். பெரிய வட்டுகளில் அதற்குப் பல மணி நேரம் ஆகும். அந்நேரம் முழுதும் சுமை கூடுதலாக இருப்பதால் நலிந்த அடாப்டர் மீண்டும் கைவிடும். மீண்டும் மறுதொடக்கம், மீண்டும் சரிபார்ப்பு. தொடக்கத்தில் வாரம் ஒருமுறை நிகழ்ந்தது ஒரே நாளில் நான்கைந்து முறையாக மாறுவது இவ்வாறுதான்.

மல்டிமீட்டரை அடாப்டரின் முனையில் வைத்து 12 வோல்ட் காட்டுகிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்வதை ஏற்கலாகாது. சுமையின்றி அளந்தால் நலிந்த அடாப்டரும் 12 வோல்ட் காட்டும். சுமையில் சரிவதே அதன் குறை. நம்பத்தக்க சோதனை, வேறு நல்ல அடாப்டரைப் பொருத்திச் சில நாள் ஓட்டிப் பார்ப்பதே. புதியது அதே மின்னழுத்தமும், அதே முனை அமைப்பும், அதே அல்லது கூடுதலான ஆம்பியர் அளவும் கொண்டிருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தீங்கில்லை, வோல்ட் மாறக்கூடாது. சில கருவிகளில் நான்கு முள் கொண்ட இணைப்பு இருப்பதால், வடிவம் பொருந்துகிறது என்று மட்டும் பார்த்து வாங்குவது ஆபத்து. முள்களின் மின்முனை மாறியிருந்தால் தாய்ப்பலகையே எரிந்துவிடும்.

அடாப்டருக்கு முன்னுள்ள மின்வழியும் பார்க்கத்தக்கது. தளர்ந்த பிளக், பல கருவிகள் செருகிய எக்ஸ்டென்ஷன் பலகை, இருமுள் மாற்றி ஆகியவற்றில் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரோ குளிர்சாதனமோ தொடங்கும் கணத்தில் வீட்டு மின்னழுத்தம் தாழ்வது உண்டு. மறுதொடக்க நேரங்களைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதிவந்தால், தண்ணீர்த் தொட்டி நிரப்பும் காலை ஆறு மணிக்கே அவை கூடி நிற்பது கண்ணில் படலாம்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் யு.பி.எஸ். எதற்கு என்று கேட்பதுண்டு. மின்தடையின்போது இன்வெர்ட்டர் மின்கலத்துக்கு மாற ஒரு சிறு கணம் ஆகிறது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது பொருட்டன்று. அடாப்டருக்குள் சேமிப்பில் உள்ள மின்னூட்டமோ சில மில்லிநொடிகளே தாங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓர் அலைவே 20 மில்லிநொடி. வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறம் நார்மல், யு.பி.எஸ். என்று இரு நிலை கொண்ட பொத்தான் இருந்தால், அதை யு.பி.எஸ். நிலையில் வைத்தால் மாற்றம் விரைவாக நிகழும். மின்தடைதோறும் மறுதொடக்கம் ஆகும் நாஸ் கருவி இந்த ஒரு பொத்தானால் சரியாவதும் உண்டு. அப்போதும் இன்வெர்ட்டருக்கு நாஸ் கருவியுடன் பேசத் தெரியாது. மின்கலம் தீரும் தறுவாயில் கருவியை முறைப்படி நிறுத்தச் சொல்ல, யு.எஸ்.பி. வடம் கொண்ட யு.பி.எஸ். தேவை.

அந்த யு.பி.எஸ்.ஸே குற்றவாளியாக இருப்பதும் அரிதன்று. அதன் ஈய அமில மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் நலிந்துவிடும். சில வகைகள் இரு வாரத்திற்கு ஒருமுறை தாமே மின்கலத்தைச் சோதிக்கும். மின்கலம் செத்திருந்தால், வீட்டில் மின்தடை இல்லாதபோதே அச்சோதனையின் கணத்தில் நாஸ் அணைந்துவிடும். சரியாகப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை மறுதொடக்கம் என்று நோட்டு காட்டினால் இதை நினைக்க வேண்டும். யு.பி.எஸ்.ஸைக் கழற்றிவிட்டுச் சில நாள் நேரடி மின்சாரத்தில் ஓட்டிப் பார்ப்பது விரைவான சோதனை; அதற்கு முன் காப்புப் பிரதி எடுத்திருக்க வேண்டும்.

வெப்பம்

வெப்பத்தின் மீது மக்கள் முதலில் பழிபோடுவர். பெரும்பாலான நாஸ் கருவிகள் அளவுக்கு மீறிச் சூடானால் பதிவேட்டில் எழுதிவிட்டு அணைந்துகொள்ளும். உடனே எழுந்து வருவதில்லை. ஆகவே அணைந்த உடனே மீளும் மறுதொடக்கத்திற்கு வெப்பம் நேரடிக் காரணமாக இருப்பது குறைவு. விசிறியில் தூசி அடைந்திருந்தால் தூரிகையால் நீக்கி, விசிறி சுழல்கிறதா என்று பார்த்தால் போதும்.

நினைவகமும் வட்டுகளும்

ரேம் நினைவகத்தைக் கூட்டிய பின்னர் மறுதொடக்கம் தொடங்கியதென்றால் வேறெங்கும் தேட வேண்டாம். கூட்டிய பலகையைக் கழற்றிவிட்டுப் பழைய அளவிலேயே ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கூட்டாத கருவிகளிலும் நினைவகப் பிழை வரும். நினைவகப் பிழையால் நேரும் மறுதொடக்கத்தின் அடையாளம் அதன் ஒழுங்கின்மை: நேரம், சுமை, வேலை எதனுடனும் அது பொருந்தாது. பதிவேட்டின் கடைசி வரிகளும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு செயலியைச் சுட்டும். சினாலஜி அசிஸ்டன்ட் என்னும் கணினி மென்பொருளில் நினைவகச் சோதனை உண்டு. தாமே அமைத்த கருவிகளில் மெம்டெஸ்ட் மென்பொருளை இரவு முழுதும் ஓட்டலாம். நினைவகப் பிழை மறுதொடக்கத்தோடு நிற்பதில்லை. வட்டுக்குச் செல்லும் தரவையே வழியில் மாற்றிவிடும். ஆகவே ஐயம் எழுந்த கணமே கருவியில் புதிதாக எழுதுவதை நிறுத்த வேண்டும்.

பழுதான வன்வட்டு மறுமொழி தராமல் இயங்குதளத்தைக் காக்கவைத்து, காவல் கடிகையைத் தூண்டலாம். ஸ்மார்ட் அறிக்கையில் எண் 5, 197 ஆகியவை பூச்சியத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால் வட்டை மாற்ற வேண்டும். எண் 199 ஏறினால் வட்டைவிட வடம் அல்லது இணைப்பு முனையின் மீதே ஐயம். வட்டைக் கழற்றிச் சரியாகச் செருகினாலே நின்றுவிடக்கூடும்.

வட்டுகளின்றி ஓட்டிப் பார்த்தல் நல்ல சோதனை. கருவியை முறைப்படி அணைத்து, ஒவ்வொரு வட்டின் மீதும் அது இருந்த இடத்தின் எண்ணை ஒட்டி, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கருவியை மட்டும் ஓரிரு நாள் ஓடவிட வேண்டும். விளக்குகளைப் பார்த்தும், ரூட்டரின் இணைப்புப் பட்டியலைப் பார்த்தும் மறுதொடக்கம் நிகழ்கிறதா என்று அறியலாம். வட்டுகளின்றியும் நிகழ்ந்தால் அடாப்டரும் தாய்ப்பலகையும் நினைவகமுமே மிச்சம். நிகழாவிட்டால் சுமை அல்லது வட்டு. வட்டுகளில்லாக் கருவியின் பக்கத்தைத் திறந்தால் இயங்குதளத்தை நிறுவவா என்று அது கேட்கும். வட்டுகளை மீண்டும் செருகும்போது அத்தகைய கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிடக்கூடாது. அவை அழிக்கப்பட வாய்ப்புண்டு. அணைத்த நிலையில், அதே வரிசையில் செருகி, பிறகே தொடக்க வேண்டும்.

மென்பொருள்

முதல் வகை மறுதொடக்கத்தின் காரணங்கள் பெரும்பாலும் அமைப்புகளிலேயே கிடைக்கும். நள்ளிரவில் புதுப்பித்துக்கொள்ளும் தெரிவு, மறந்துபோன அணைத்தல் அட்டவணை, யு.பி.எஸ். தவறாக அனுப்பும் மின்கலம் குறைவு என்னும் குறிப்பு ஆகியவை அவை. டாக்கர் முறையில் பல செயலிகளை ஏற்றி நினைவகத்தைத் தீர்த்துவிட்ட கருவிகள் முதலில் மந்தமாகி, பின்பு மயங்கும். செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் கொடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்றே தெரியாமல் போகும்.

காரணமறியாத மறுதொடக்கத்தை வெளியார் தாக்குதலாகவும் எண்ணிப் பார்க்க வேண்டிய நேரம் உண்டு. 2021 ஜூன் மாதம், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் கருவிகள் உலகின் பல பகுதிகளில் தாமாகவே தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கப்பட்டு, உரிமையாளர்களின் கோப்புகள் அழிந்தன. இணையத்தின் வழியே மென்பொருள் ஓட்டைகளைப் பயன்படுத்தித் தாக்கியவர்களே காரணம். அக்கருவிகளுக்கு 2015க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பு வெளிவரவில்லை. கருவியின் பதிவேட்டில் தொழிற்சாலை மீட்டமைப்பு என்ற வரியும் அதைத் தொடர்ந்து மறுதொடக்கமும் இருந்ததையே பலர் கண்டனர். உரிமையாளர் அறியாத பயனர் பெயர், அறியாத நேரத்து உள்நுழைவு, தெரியாத செயல்முறை ஆகியவை பதிவேட்டில் தென்பட்டால், கருவியின் இணைய இணைப்பை முதலில் துண்டிக்க வேண்டும்.

தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துப் பாருங்கள் என்பது எல்லாப் பழுதுக்கும் எளிதில் கிடைக்கும் அறிவுரை. மின்வழங்கலும் நினைவகமும் சோதிக்கப்படாத நிலையில் இதைவிடக் கெடுதலான தொடக்கம் வேறில்லை. மீட்டமைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கருவி மீண்டும் அணைந்தால், முன்பு அரைகுறையாகவேனும் எழுந்த கருவி பிறகு எழாமலே போகும்.

செயலியிலேயே குறை

சில கருவிகளில் வீட்டில் எதைச் சரிசெய்தும் பயனிருக்காது. இன்டெல் நிறுவனத்தின் ஆட்டம் சி2000 வரிசைச் செயலிகள் 2013இல் வெளிவந்தன. அவற்றில், தாய்ப்பலகையின் தொடக்க மென்பொருளைப் படிப்பதற்கு வேண்டிய கடிகாரத் துடிப்பை வெளியிடும் சுற்று காலப்போக்கில் நலிந்து நின்றுவிடக்கூடும் என்பதை இன்டெல் 2017இன் தொடக்கத்தில் பிழைப்பட்டியலில் வெளியிட்டது. சினாலஜியின் டி.எஸ்.1515+, டி.எஸ்.1815+ போன்ற கருவிகளில் இவ்வரிசைச் செயலி இருந்தது. சிஸ்கோ நிறுவனத்தின் சில வலையமைப்புக் கருவிகளும் கடிகாரப் பாகக் குறையால் பாதிக்கப்படும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. சினாலஜி பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டித்தது.

இக்குறையின் தன்மை, ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும், ஒருமுறை நின்றால் தொடங்காது என்பது. இத்தகைய செயலி கொண்ட கருவியைச் சோதனைக்காக அடிக்கடி அணைத்துத் தொடக்குவதே ஆபத்து. தாய்ப்பலகையில் ஏறத்தாழ 100 ஓம் அளவுள்ள மின்தடை ஒன்றைப் பற்றவைத்து இறந்த கருவிகளை மீட்டவர்கள் உண்டு. பற்றவைப்பில் பழக்கமில்லாதவர் முயலக்கூடியதன்று. ஆகவே எந்தச் சோதனையையும் தொடங்குமுன் கருவியின் வகைப்பெயரையும் செயலியின் பெயரையும் பார்த்துவிடுவது நல்லது. தயாரிப்பாளர் அவ்வகைக்குச் சிறப்பு அறிவிப்பு ஏதும் வெளியிட்டிருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

கருவி போனாலும் தரவு

தாய்ப்பலகை பழுதென்று உறுதியானால், உத்தரவாதம் முடிந்த வீட்டுக் கருவியைப் பழுதுபார்ப்பதைவிடப் புதியது வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம். வட்டுகள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை அதே நிறுவனத்தின் பொருந்தும் புதிய கருவிக்கு, இட வரிசை மாறாமல், தரவுடன் பெயர்த்துச் செல்ல இயலும். எந்த வகையிலிருந்து எந்த வகைக்குப் பெயர்க்கலாம் என்ற பட்டியலைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருப்பார். புதிய கருவி வாங்குமுன்னரே அதைப் பார்க்க வேண்டும். சினாலஜி வட்டுகளை உபுண்டு லினக்ஸ் நிறுவிய கணினியில் ஒருங்கே இணைத்துப் படிக்கவும் முடியும். லினக்ஸின் பொதுவான ரெய்டு முறையையே அது பயன்படுத்துகிறது. கோப்புறைகள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் கடவுச்சொல்லோ திறவுகோல் கோப்போ இல்லாமல் எந்தக் கருவியிலும் அவற்றைத் திறக்க முடியாது. அந்தத் திறவுகோலை நாஸ் கருவிக்குள்ளேயே சேமித்து வைத்திருப்போர், கருவி இன்னும் எழுந்து நிற்கும்போதே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.